அட்லாண்டிக் கரையேறிய கலிஃபோர்னியா

2023 செப்டம்பர் 1ஆம் தேதி கலிஃபோர்னியாவின் ஒரு பகுதி அட்லாண்டிக் கடற்கரைக்கு இடம்பெயர்ந்தது. நிலநடுக்கமானி எதுவும் அசையவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தையும் பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தையும் 'அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்' என்ற விளையாட்டுக் கூட்டணி தன்னோடு சேர்த்துக்கொண்டதாக அறிவிப்பு வந்தது, அவ்வளவுதான். இரண்டும் நோபல் பரிசு வாங்கியவர்கள் பாடம் நடத்தும் இடங்கள். இரண்டிலும் புவி அறிவியல் துறை உண்டு. ஆனாலும், பக்கத்தில் இருக்கும் கடலின் பெயர் பசிபிக் என்று நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. அதே அறிவிப்பில் மூன்றாவதாக ஒரு பெயரும் இருந்தது: டெக்சஸ் மாநிலம் டல்லஸ் நகரில் இருக்கும் சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகம். டல்லஸில் கடலே கிடையாது. ஆகவே அவர்களுக்கு எந்தக் கடற்கரையும் ஒன்றுதான்.

புவியியலுக்கு நேர்ந்ததுதான் கணிதத்துக்கும் நேர்ந்தது. 'பிக் டென்' கூட்டணியில் இப்போது 18 பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. 'பிக் 12' கூட்டணியில் 16. 2011 முதல் 2014 வரை பிக் டென்னில் 12 பேரும் பிக் 12இல் 10 பேரும் இருந்தார்கள். இரண்டு கூட்டணிகளும் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். அதைச் செய்யவும் யாருக்கும் நேரமில்லை. 'பிக் ஈஸ்ட்' என்று கிழக்கின் பெயரைச் சூட்டிக்கொண்ட கூட்டணி, 2011 டிசம்பரில் சான் டியாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ப்பதாக அறிவித்தது. சான் டியாகோவிலிருந்து இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் கப்பலில்தான் ஏற வேண்டும். அந்த ஏற்பாடு கடைசியில் நடக்கவில்லை. நடக்காமல் போனதற்கும் வெட்கம் காரணமில்லை, கணக்கு ஒத்துவரவில்லை.

நம் ஊர் வாசகருக்குப் பின்னணி கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பாலை (நம் கால்பந்து இல்லை, அது வேறு ஆட்டம்) பார்க்க வருகிற கூட்டம் பெரிய திருவிழாக் கூட்டம். ஆன் ஆர்பரில் மிஷிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் 1,07,000 பேர் உட்காரலாம். அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து கூட்டணி வைத்துக்கொண்டன. ரயிலில் போய் விளையாடிவிட்டு, திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்பிவிடலாம். 1896இல் சிகாகோவை மையமாக வைத்துத் தொடங்கிய பிக் டென்னின் அதிகாரபூர்வமான பழைய பெயர் 'பேராசிரியர் பிரதிநிதிகளின் கல்லூரிக் கூட்டமைப்பு' என்கிற பொருளில் இருந்தது. கூலிக்கு ஆடுகிறவர்கள் மாணவர் வேடத்தில் அணிக்குள் நுழைந்து கல்லூரியின் பெயரைக் கெடுக்கிறார்கள், பணம் படிப்பைத் தின்கிறது, இதைப் பேராசிரியர்கள் கட்டுப்படுத்த வேண்டும் என்பதற்காகப் பிறந்த அமைப்பு அது. இன்றைக்கு அதன் கூட்டங்களில் பேராசிரியர் யாராவது வழிதவறி நுழைந்தால், காப்பி கொண்டுவந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

1984இல்தான் மடை உடைந்தது. அதுவரை எந்தக் கல்லூரி எத்தனை முறை டிவியில் வரலாம் என்பதை என்சிஏஏ என்ற தேசிய அமைப்பு ரேஷன்போல அளந்து கொடுத்துக்கொண்டிருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் என்சிஏஏயின் பிடியைத் தளர்த்தியது. மறுப்புத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி பைரன் ஒயிட். ஒன்பது பேரில் கல்லூரி ஃபுட்பாலில் நட்சத்திரமாக இருந்தவர் அவர்தான். ஆட்டத்தை ஆடியவர் வேண்டாம் என்றார். ஆடாதவர்கள் ஆகட்டும் என்றார்கள். தீர்ப்பு சட்டப்படி சரிதான் என்று இன்றும் வாதிடலாம். நானும் ஏகபோகத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டணியும் தன் ஒளிபரப்பு உரிமையைத் தானே விற்கலாம் என்றானது. விற்கலாம் என்றானபின் சரக்கைப் பெருக்க வேண்டும் என்றானது. சரக்கு என்னவென்றால் வீடுகள். மாணவர்களும் ஆட்டமும் கோப்பையும் அதன் மேல் சுற்றிய காகிதம்.

இதை நன்றாகப் புரிந்துகொள்ள ரட்கர்ஸைப் பார்க்க வேண்டும்.

நியூ ஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸுக்கு ஃபுட்பால் வரலாற்றில் மறுக்க முடியாத ஓர் இடம் உண்டு. 1869 நவம்பர் 6ஆம் தேதி அமெரிக்காவின் முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தில் பிரின்ஸ்டனை 6-4 என்று அது வென்றது. அதற்குப் பிறகு அதன் ரசிகர்களுக்கு நெஞ்சை நிமிர்த்த அவ்வளவு அடிக்கடி வாய்ப்பு கிடைக்கவில்லை. அப்படியிருக்க, 2012 நவம்பரில் பிக் டென் வந்து இதன் கதவைத் தட்டியது. ஏன்? அணியைப் பார்த்தா, மைதானத்தைப் பார்த்தா? வரைபடத்தைப் பார்த்து. ரட்கர்ஸ் இருக்கும் இடம் நியூயார்க் நகரத்தின் கொல்லைப்புறம். நியூயார்க் அமெரிக்காவின் முதல் பெரிய டிவி சந்தை.

பிக் டென் 2007இல் ஃபாக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சொந்தமாக ஒரு சேனல் தொடங்கியிருந்தது. அதன் கணக்கு இப்படிப் போகும். ஒரு மாநிலத்தில் பிக் டென் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தால், அங்கே உள்ள கேபிள்காரர் அந்த சேனலுக்காக வீட்டுக்கு வீடு மாதாமாதம் தர வேண்டிய தொகை, அப்படி ஒன்று இல்லாத மாநிலத்தைவிடப் பல மடங்கு அதிகம். சேனல் கேபிள் பேக்கேஜுக்குள் வந்துவிடும். வேண்டும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. சமையல் நிகழ்ச்சி மட்டும் பார்க்கும் ஒரு பாட்டி, செய்தி மட்டும் பார்க்கும் ஒரு தாத்தா, டிவியைத் துணி காயப்போடப் பயன்படுத்தும் ஒரு வாடகை வீட்டுப் பையன் எல்லோரும் மாதம் தவறாமல் பிக் டென்னுக்குப் படியளக்கும் புரவலர்களாகிவிடுவார்கள். அவர்களுக்கே அது தெரியாது. வள்ளல்கள் இரக்கிறவரின் முகம் பார்த்துக் கொடுத்த காலம் போய், பில்லைப் பார்க்காமலே கொடுக்கிற காலம் வந்தது. ரட்கர்ஸ் ஆட்டத்தை நியூயார்க்கில் யாரும் பார்க்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. கட்டினால் போதும்.

2016 அக்டோபர் 8ஆம் தேதி ரட்கர்ஸ் தன் சொந்த மைதானத்தில் மிஷிகனிடம் 78-0 என்று தோற்றது. அச்சுப்பிழை இல்லை, எழுபத்தெட்டுக்குப் பூஜ்யம். கேபிள் கட்டணம் அந்த மாதமும் முழுதாக வசூலானது.

ரட்கர்ஸ் அழைக்கப்படுவதற்கு முந்தின நாள் மேரிலேண்ட் பல்கலைக்கழகம் அதே வழியில் போயிருந்தது. வாஷிங்டன், பால்டிமோர் நகரங்களின் டிவிப் பெட்டிகள் அதன் சீதனம். 1953இல் அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டணியை உருவாக்கியவர்களில் மேரிலேண்டும் ஒன்று. தானே கட்டிய வீட்டிலிருந்து வெளியேறியதற்கு வீட்டார் 5.2 கோடி டாலருக்கு மேல் கேட்டார்கள், வழக்காடி 3.14 கோடிக்கு முடித்தார்கள். இதில் என் ரத்தம் கொதிப்பது வேறொரு கணக்குக்காக. அதே 2012இன் கோடையில் மேரிலேண்ட் பணமில்லை என்று சொல்லி ஏழு அணிகளைக் கலைத்திருந்தது. நீச்சல்காரர்களும் டென்னிஸ்காரர்களும் ஓட்டக்காரர்களும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் செய்த செலவு கையை மீறிப்போயிருந்தது. வெட்டு மட்டும் கூட்டம் வராத விளையாட்டுகளின் கழுத்தில் விழுந்தது. பிறகு நிர்வாகம் நிதி நெருக்கடியைச் சமாளித்த பெருமிதத்தோடு பிக் டென் மேடையில் ஏறிப் புன்னகைத்தது.

கேபிளை மக்கள் அறுத்தெறியத் தொடங்கியபோது இந்த வியாபாரம் படுத்துவிடும் என்று நினைத்த அப்பாவிகள் உண்டு. படுக்கவில்லை, பசி கூடியது. பாட்டியின் காசு குறைந்தால், நிஜமாகவே பார்க்கிறவர்களின் கண்கள் வேண்டும். அதற்குப் பெயர்பெற்ற அணிகள் வேண்டும், பெரிய நகரங்கள் வேண்டும். முதல் சந்தை கையில் இருக்கிறது, மூன்றாவது சந்தையான சிகாகோ பிறந்த வீடு, இரண்டாவது எங்கே? லாஸ் ஏஞ்சலஸ். 2022 ஜூன் 30ஆம் தேதி அந்நகரின் பல்கலைக்கழகங்களான யூஎஸ்சியும் யூசிஎல்ஏயும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. நியூ ஜெர்சிக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். சரியாக ஏழு வாரத்தில் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றோடும் பிக் டென் ஏழாண்டு ஒப்பந்தத்தை அறிவித்தது. தொகை 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்திகள் சொல்லின.

இந்தக் கூட்டணிகளை நடத்துகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் மிச்சமும் விளங்கும். பசிபிக் கரையின் பேக்-12 கூட்டணிக்கு 2009இல் தலைமையேற்ற லாரி ஸ்காட், பெண்கள் டென்னிஸ் சங்கத்திலிருந்து வந்தவர். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் கிளியாவ்காஃப், எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் நிறுவனத்தில் இருந்தவர்; சூதாட்ட விடுதித் தொழில். பிக் 12இன் பிரெட் யோர்மார்க் இசை, கேளிக்கைத் துறையின் ராக் நேஷனிலிருந்து வந்தார். பிக் டென்னின் இப்போதைய ஆணையர் டோனி பெட்டிட்டி டிவித் தொழிலில் வளர்ந்தவர். திறமைசாலிகள்தான், மறுக்கவில்லை. பல்கலைக்கழகத் தலைவர்கள் கசாப்புக்காரரைத் தேடிப்பிடித்து வேலைக்கு வைத்துவிட்டு, ஆடு எங்கே என்று இப்போது கண்கலங்குவதைத்தான் சகிக்க முடியவில்லை.

பேக்-12இன் சாவைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நல்லவர் என்று யாரும் இல்லை. ஐநூறுக்கும் மேற்பட்ட தேசியப் பட்டங்களை வென்ற கூட்டணி அது. 2010இல் டெக்சஸ், ஓக்லஹோமா உள்ளிட்ட பல அணிகளை மொத்தமாகத் தூக்கி 16 ஆகப் பெருக்கிக்கொள்ள முயன்றதும் அதுதான், அன்று வேட்டைக்காரன். 2012இல் சொந்த சேனல் தொடங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆடம்பர அலுவலகம், ஆணையருக்கு ஆண்டுக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம். டைரக்டிவி என்ற பெரிய நிறுவனம் கடைசிவரை அந்த சேனலை எடுக்கவில்லை. 2021இல் தத்தளித்துக்கொண்டிருந்த பிக் 12 அணிகளைச் சேர்த்துக்கொள்ளலாமா என்ற கேள்வி வந்தபோது, விரிவாக்கம் வேண்டாம் என்று கௌரவமாகச் சொல்லிவிட்டது. இரண்டே ஆண்டில் அந்த பிக் 12 வந்து இதன் எலும்பைக் கடித்தது.

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. காலையில் தலைவர்கள் கூடி ஆப்பிள் நிறுவனத்தோடு ஓர் ஒளிபரப்பு ஒப்பந்தத்துக்குச் சம்மதம் தருவதாக இருந்தது. மாலைக்குள் ஒரேகனும் வாஷிங்டனும் பிக் டென்னில் இருந்தன. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12இல் இருந்தன. யூஎஸ்சியும் யூசிஎல்ஏயும் முன்பே கிளம்பியிருந்தன; ஒரு வாரம் முன்பு கொலராடோவும் போய்விட்டிருந்தது. 1915இல் இந்தக் கூட்டணியைத் தொடங்கியவை நான்கு கல்லூரிகள்: கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஒரேகன், இன்று ஒரேகன் ஸ்டேட் எனப்படும் கல்லூரி. 108 ஆண்டு உறவு ஒரு வேலை நாளுக்குள் முடிந்தது. ஒரு மாதம் கழித்து ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக்குக் கரையேறியதும், மிஞ்சியவை ஒரேகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டு மட்டும். அவை செய்த குற்றம் என்ன? கோர்வாலிஸ், புல்மன் என்ற சிற்றூர்களில் இருப்பது. அங்கே மாணவர்கள் இருக்கிறார்கள், ரசிகர்கள் இருக்கிறார்கள், நூறாண்டு நினைவு இருக்கிறது. டிவிப் பெட்டிகள்தான் போதவில்லை.

இந்த இரண்டு அநாதைகளுக்காகக் கண்ணீர் விட எடுத்த கைக்குட்டையை மடித்து உள்ளே வையுங்கள். நீதிமன்றம் போய்க் கூட்டணியின் பெயரையும் சொத்தையும் மீட்டார்கள், நியாயம்தான். பிறகு 2024 செப்டம்பரில் என்ன செய்தார்கள்? மவுன்டன் வெஸ்ட் என்ற பக்கத்துக் கூட்டணியிலிருந்து போய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் என்று ஐந்து பேரைக் கொத்திக்கொண்டு போனார்கள். அநாதையாக நின்ற 2024ஆம் ஆண்டில் ஆட்டம் கொடுத்து ஆதரித்த கூட்டணி அது. ஆள் பிடித்தால் அபராதம் என்று அப்போது ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த அபராதம் சட்டப்படி செல்லாது என்று இவர்களே வழக்கும் போட்டார்கள். அண்ணன் எப்போது சாவான், திண்ணை எப்போது காலியாகும் என்று காத்திருக்கிற குடும்பத்தில், தம்பிகளும் அண்ணன்களாக வளர்ந்துவிடுகிறார்கள்.

ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் புகுந்த வீட்டின் கதையும் இப்படியே. வந்தவர்களுக்கு முழுப் பங்கு கிடையாது. முதல் ஏழாண்டுக்கு 30 சதவீதம். டல்லஸ்காரர்கள் ஒன்பதாண்டுக்கு டிவிப் பணமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்தார்கள். இந்த மூவரும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, 2023 டிசம்பரில் ஃபுளோரிடா ஸ்டேட் இந்தக் கூட்டணியிலிருந்து தப்பிக்க வழக்குப் போட்டது. அடுத்த மார்ச்சில் கிளெம்சன். 2025 மார்ச்சில் சமரசம் ஆனது. டிவி பார்வையாளர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணத்தைப் பங்கு போடுவது சமரசத்தின் சாரம். பல்கலைக்கழகத்தின் மதிப்பை டிஆர்பி நிர்ணயிக்கும் என்பதை இத்தனை வெளிப்படையாக எழுதி, கல்விமான்கள் அதில் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்.

சரி, இந்த விமானங்களில் ஏறுவது யார்? ஃபுட்பால் அணி தனி விமானத்தில், வாரத்துக்கு ஒரு ஆட்டம், பருவத்துக்குச் சில வெளியூர்ப் பயணங்கள். அவர்களுக்குப் பெரிய பாதிப்பில்லை. வாலிபால் ஆடும் பெண்களுக்கு வாரம் இரண்டு ஆட்டம். சாஃப்ட்பால், ஜிம்னாஸ்டிக்ஸ், சாக்கர் என்று இருபது அணிகள், ஃபுட்பாலின் டிவி ஒப்பந்தத்துக்காக மூன்று மணி நேர வித்தியாசத்தைக் குறுக்கே கடந்து பறக்கின்றன. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படித்து முடித்து வேறு வேலைக்குப் போகிறவர்கள். உயிர்வேதியியல் தேர்வை விமான நிலையத் தரையில் உட்கார்ந்து எழுதுவதற்கா அந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்தார்கள்? ஃபுட்பாலை மட்டும் தனியே பிரித்து எங்கு வேண்டுமானாலும் ஆடட்டும், மற்ற விளையாட்டுகள் அக்கம்பக்கத்திலேயே ஆடட்டும் என்று 2023 டிசம்பரில் ஒருவர் பொதுவெளியில் சொன்னார். அவர் யூசிஎல்ஏயின் அன்றைய ஃபுட்பால் கோச் சிப் கெல்லி. துணிந்து பேச வேண்டிய கல்விமான்கள் ஊமையாக இருக்க, கோச் கல்விமானாகப் பேச வேண்டியிருந்தது.

யூசிஎல்ஏ சொன்ன காரணம், பிக் டென் பணம் இல்லாவிட்டால் சில அணிகளைக் கலைக்க வேண்டியிருக்கும் என்பது. நீச்சல் அணியைக் காப்பாற்ற, நீச்சல் அணியை விமானத்தில் ஏற்றினார்கள். யூசிஎல்ஏயும் பெர்க்லியும் ஒரே ஆட்சிமன்றத்தின் கீழ் வரும் ஒரே அரசுப் பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அக்காளை நடுத்தெருவில் விட்டுத் தங்கை வண்டியேறினாள். பிறகு ஆட்சிமன்றம் கூடி, ஆண்டுக்கு 1 கோடி டாலரைப் பெர்க்லிக்குக் கொடு என்று யூசிஎல்ஏக்கு உத்தரவிட்டது. ஜீவனாம்சம் என்றே பத்திரிகைகள் கேலி செய்தன. இதே கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்தான் 2025க்குள் கரிம உமிழ்வைச் சமன்செய்து காட்டுவோம் என்று 2013இல் உலகத்துக்கு உறுதி கொடுத்தது. வாலிபால் விமானங்களின் புகை அந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் வருகிறதோ.

கோபம் இதுவரை வந்ததெல்லாம் சில்லறை. முழுத்தொகை இனிமேல்தான்.

எழுபது ஆண்டுகளாக இந்தக் கனவான்கள் ஒரே பாட்டைப் பாடினார்கள். ஆடும் பையனுக்குக் காசு கொடுத்தால் பாரம்பரியம் அழிந்துவிடும். 1955இல் கொலராடோவில் ஒரு சிறிய கல்லூரிக்காக ஃபுட்பால் ஆடிய இளைஞர் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். 1957இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தர முடியாது என்றது. கல்லூரி ஃபுட்பால் தொழிலில் இல்லை என்பது ஒரு காரணம். அந்த ஒற்றை வரியின் நிழலில் என்சிஏஏ அரை நூற்றாண்டு குளிர்காய்ந்தது. 1987இல் வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்ததற்காக ஒரு பல்கலைக்கழகத்தின் முழுப் பருவத்தையும் ரத்து செய்து, பத்திரிகைகள் மரண தண்டனை என்று அழைத்த தண்டனையைக் கொடுத்தார்கள். எந்தப் பல்கலைக்கழகம்? மேலே பார்த்த அதே டல்லஸ் சதர்ன் மெத்தடிஸ்ட். 2023இல் அட்லாண்டிக் கூட்டணிக்குள் நுழைய அதன் செல்வந்தர்கள் ஒரே வாரத்தில் 10 கோடி டாலர் திரட்டினார்கள். இந்த முறை தண்டனை இல்லை, வரவேற்பு மாலை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

எட் ஓ'பேனன் என்ற முன்னாள் யூசிஎல்ஏ கூடைப்பந்து வீரர், தன்னைப் போலவே ஓர் உருவம் வீடியோ கேமில் ஆடுவதையும் தனக்கு ஒரு காசும் வராததையும் பார்த்து வழக்குப் போட்டார். அங்கேயும் அதே பாட்டு: ரசிகர்கள் இதை நேசிப்பதே வீரர்கள் கூலி வாங்காததால்தான். 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கிலும் அதே பாட்டு. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரும் கேட்கவில்லை. வேலை செய்கிறவருக்கு நியாயமான கூலி கொடுக்க மாட்டோம் என்று வேறு எந்தத் தொழிலும் கூட்டாக முடிவெடுத்துத் தப்பிக்க முடியாது என்ற பொருளில் நீதிபதி கவனா தனியாக எழுதினார்.

பையன் கையில் காசு புழங்கினால் செத்துப்போகும் என்று பூச்சாண்டி காட்டிய அந்தப் பாரம்பரியத்தை யார் கொன்றார்கள்? டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் 1894இல் தொடங்கிய மோதல் 2011இல் நின்று, திரும்ப வர 13 ஆண்டு ஆனது. கேன்சஸும் மிசூரியும் ஒருவரையொருவர் ஃபுட்பால் மைதானத்தில் 2025 வரை பார்க்கவில்லை. பிட்ஸ்பர்க்கும் வெஸ்ட் வர்ஜினியாவும் பத்தாண்டு பேசாதிருந்தன. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் நூறாண்டுக்கு மேல் இடைவிடாமல் ஆடிய தொடர் 2023 நவம்பரோடு நின்றது. இதில் ஒன்றையாவது பத்தொன்பது வயதுப் பையன் கேட்ட கூலி கொன்றதா? தலைவர்கள் போட்ட கையெழுத்து கொன்றது. 2023இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, இனி அவர் வேலை செய்யாமல் இருப்பதற்காக 7.5 கோடி டாலருக்கும் மேல் கொடுக்க ஒத்துக்கொண்டது. அரசுப் பல்கலைக்கழகம் அது. காசு பாரம்பரியத்தைக் கெடுக்கும் என்று அன்று யாருக்கும் நினைவு வரவில்லை.

வரியும் கிடையாது. கல்வி நோக்கமுள்ள தர்ம அமைப்புகள் என்ற சலுகையில் இவை நடக்கின்றன. 2006இல் பில் தாமஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், டிவியில் இவ்வளவு சம்பாதிக்கும் உங்களுக்கு எதற்கு வரிவிலக்கு என்று என்சிஏஏக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். பதில் வந்தது. விலக்கும் இருந்தது. அவர் பதவிதான் முடிந்தது.

2025 ஜூன் 6ஆம் தேதி நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்ட சமரசத்தின்படி, பழைய வீரர்களுக்கு 280 கோடி டாலர் பாக்கி தர வேண்டும்; ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் அதிகபட்சம் 2.05 கோடி டாலரை வீரர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். கோச்சின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லை, ஆணையரின் சம்பளத்துக்கு இல்லை, டிவி ஒப்பந்தத்துக்கு இல்லை. வியர்ப்பவனுக்கு மட்டும் அளவுபடி.

அதுவும் பாரமாகிவிட்டது போலிருக்கிறது. அடுத்த மாதமே பிரதிநிதிகள் சபையில் 'ஸ்கோர்' என்ற பெயரில் ஒரு மசோதா வந்தது. ஏகபோகத் தடைச் சட்டத்தின் பிடியிலிருந்து கல்லூரி விளையாட்டு அமைப்புகளுக்குப் பாதுகாப்பு வேண்டும், வீரர்களை ஊழியர்களாகக் கருதக் கூடாது என்பவை அதன் முக்கியமான ஷரத்துகள். கல்லூரி விளையாட்டைக் காப்பாற்ற என்று சொல்லி என்சிஏஏயும் பெரிய கூட்டணிகளும் அதை ஆதரித்து வாஷிங்டனில் படியேறின. யாரிடமிருந்து காப்பாற்ற? நூறாண்டுக் கூட்டணியை ஒரு வெள்ளிக்கிழமையில் அறுத்தவர்கள், ஏழு அணிகளைக் கலைத்துவிட்டுப் புது மாப்பிள்ளையாக மேடையேறியவர்கள், பெற்ற பிள்ளையைப்போல வளர்த்த மோதல்களைப் பெட்டிக் கணக்குக்கு விற்றவர்கள், இப்போது சட்டமே எங்களுக்குக் குடை பிடி என்கிறார்கள்.

அமெரிக்க வாக்காளர்கள் தங்கள் உறுப்பினர்களிடம் சொல்ல வேண்டியது இதுதான். இவர்கள் டிவி வியாபாரிகள்; மற்ற வியாபாரிகளுக்கு உள்ள சட்டமே இவர்களுக்கும் போதும். வரியைக் கட்டச் சொல்லுங்கள். ஆடுகிறவரை ஊழியர் என்று ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விலக்கு கேட்டு வரும் எந்த மசோதாவானாலும், அதன் பெயர் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், தோற்கடியுங்கள்.